தனித்து ஆடும் அணி லீக்கில் சேரலாமா?



2025-ஆம் ஆண்டு டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வான 12 அணிகளின் பட்டியல் அன்று வெளியானது. அதில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றாலும், அடுத்த பத்து ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றிருந்த அணி அது. ஓராண்டுக்கு முந்தைய பருவத்தில் இறுதி ஆட்டம் வரை சென்று, ஒஹாயோ ஸ்டேட் அணியிடம் தோற்றிருந்தது. இம்முறை பட்டியலில் இடமில்லை என்றதும், வேறு எந்தப் போட்டியிலும் ஆடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு வீரர்கள் வீடு திரும்பினார்கள்.

திருச்சிலுவைச் சபையைச் சார்ந்த எட்வர்ட் சோரின் என்ற பிரெஞ்சு அருள்பணியாளர் 1842-இல் இந்தியானா மாநிலத்தில் தொடங்கிய கத்தோலிக்கக் கல்வி நிறுவனம் இது. பெயரின் பொருள் 'நம் அன்னை'. அங்கே கால்பந்து என்று சொல்லப்படுவது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் வேறொரு ஆட்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் குழுக்குழுவாகச் சேர்ந்து ஆடுகின்றன. அக்குழுவுக்குப் பெயர் கான்பரன்ஸ். (நம் பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைக்கும் இதே சொல்தான்.) ஒளிபரப்புப் பணமும் அட்டவணையும் சாம்பியன் பட்டமும் கான்பரன்ஸ் வழியாகவே வருகின்றன. நோட்டர் டேம் மட்டும் கால்பந்தில் எந்தக் கான்பரன்சிலும் சேராமல் நிற்கிறது. 1991 முதல் என்.பி.சி. தொலைக்காட்சியோடு தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 2013-இல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்சில் சேர்ந்தது. கால்பந்தில் ஆண்டுக்குச் சுமார் ஐந்து ஆட்டங்களை அக்குழுவின் அணிகளோடு ஆட ஒப்புக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டது. கொரோனா பரவிய 2020-இல் மட்டும், அந்த ஒரு பருவத்துக்கு, முழு உறுப்பினராக ஆடியது.

இந்தத் தனிமை விரும்பி ஏற்றதாகவே தொடங்கவில்லை என்பதை நாம் அறிய வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகங்களின் குழுவில் சேர நோட்டர் டேம் விண்ணப்பித்தபோது கதவு திறக்கவில்லை. கத்தோலிக்கர் மீதிருந்த வெறுப்பும் அதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியுள்ளனர். சேர்க்க மறுக்கப்பட்ட அணி நாடு முழுவதும் பயணம் செய்து, ஊருக்கு ஊர் ஆடி, குடியேறி வந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் அணியாகவே ஆனது. பிறகு அதே குழு 1999-இல் அழைத்தபோது, இவர்கள் வேண்டாம் என்றார்கள். தனித்து நிற்பதே அதற்குள் இவர்களின் அடையாளமாகிவிட்டிருந்தது.

வாலாஜாபாத்திலும் உத்திரமேரூரிலும் வாழும் நமக்கு இந்தச் செய்தியால் என்ன பயன் என்று கேட்கலாம். இதே கேள்வி நம் நாட்டிலும், நம் மாநிலத்திலும் எழுந்தது. இங்கே அதற்குக் கொடுத்த விலை இன்னும் அதிகம்.

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. இரண்டாம் இடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தது. 1946-இல் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தொடங்கிய ஒரு சிறிய கிளப், சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ், கொல்கத்தாவின் பெரிய கிளப்களைப் பின்னுக்குத் தள்ளியது. அணியில் தமிழக வீரர்கள் கணிசமாக இருந்தனர். எட்வின் சிட்னி வான்ஸ்பால் இங்கு ஆடிப் பிறகு சென்னையின் எப்.சி.க்குச் சென்றார். அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் எப்.சி. கோவாவுக்குச் சென்றார். அதற்கு முந்தைய பருவத்தில் குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இதே சென்னை சிட்டியில் ஆடித்தான் ஜாம்ஷெட்பூர் எப்.சி.யின் கண்ணில் பட்டார். ஊர்த் திடலில் இருந்து மேலே ஏற விரும்பும் பையன்களுக்கு அந்தக் கிளப் ஒரு படிக்கட்டாக இருந்தது.

ஆனால் பட்டம் வென்றவர்களுக்கு மேலே போக வழி இல்லை. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல்., பணம் கட்டி இடம் வாங்கிய அணிகளின் லீக். தொலைக்காட்சியும் விளம்பரமும் நட்சத்திர வீரர்களும் அங்கே போய்விட்டன. ஐ-லீக்கை வென்றவர் ஐ.எஸ்.எல்.லுக்கு உயர்வது என்ற ஏற்பாடு 2019-இல் ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023-இல் பஞ்சாப் எப்.சி. உயர்ந்தபோதுதான் நடைமுறைக்கு வந்தது. சென்னை சிட்டிக்கு அது மிகவும் தாமதம். சுவிட்சர்லாந்தின் எப்.சி. பாசல் கிளப் 26 விழுக்காடு பங்கை வாங்கியும்கூட, 2021-22 பருவத்து ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. தனித்து நிற்பதன் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த அணியை மறக்கக் கூடாது. நோட்டர் டேமுக்கு என்.பி.சி. இருந்தது. கோவையில் ஆடிய அணிக்கு அப்படி யாரும் இல்லை.

கொல்கத்தாவின் இரு பெரிய கிளப்களும் வேறு முடிவு எடுத்தன. மோகன் பகான் 1889-இல் தோன்றியது. 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்ற அணி அது. வெறுங்காலுடன் ஆடிய இந்தியர்கள் பூட்ஸ் அணிந்த வெள்ளையரை வென்ற அந்த நாள், விடுதலைப் போராட்டத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. அப்படிப்பட்ட கிளப் 2020 ஜனவரியில் தன் கால்பந்து அணியின் 80 விழுக்காட்டை ஒரு தொழில் குழுமத்துக்குக் கொடுத்து, அக்குழுமத்தின் ஏ.டி.கே. அணியோடு இணைந்து, ஐ.எஸ்.எல்.லில் நுழைந்தது. பச்சை-மெரூன் நிறமும் பாய்மரப் படகுச் சின்னமும் தப்பின. பெயரின் முன்னால் மட்டும் ஏ.டி.கே. ஒட்டிக்கொண்டது.

ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. மூன்று ஆண்டுகள் தெருவிலும் அரங்கிலும் பதாகை பிடித்தார்கள். 2023 மார்ச்சில் அணி கோப்பையை வென்ற இரவிலேயே உரிமையாளர் பெயர் மாற்றத்தை அறிவித்தார். ஏ.டி.கே. போய், மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் ஆனது. பணம் போட்டவரை மூன்று ஆண்டுகளில் பணியவைத்தது எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும் அல்ல. பெயருக்காக வாதாடிய சாதாரண மக்கள். இது நமக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆடுகளத்தில் பார்த்தாலும் அந்த இணைப்பு பலன் தந்தது: 2024-25 பருவத்தில் கேடயம், கோப்பை இரண்டுமே அவர்களுக்கு.

1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலும் அதே 2020-இல்தான் அவசரமாக உள்ளே வந்தது. முதலீட்டாளரோடு இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதா இல்லையா என்பதே பெரும் சண்டையாகி, மேற்கு வங்க முதலமைச்சரே தலையிட வேண்டியதாயிற்று. 2021-22 பருவத்தில் அணி கடைசி இடத்தில் முடிந்தது. பிறகு முதலீட்டாளரே மாறினார். ஒரே ஊரின் இரண்டு கிளப்கள், ஒரே ஆண்டில், ஒரே லீக்கில் சேர்ந்தன. விளைவு இரண்டு விதம். பேசி முடித்துவிட்டு உள்ளே போனவர்களும், உள்ளே போய்விட்டுப் பேசத் தொடங்கியவர்களும் ஒன்றல்ல.

சேர்ந்துவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் 2025 உடைத்துவிட்டது. ஐ.எஸ்.எல்.லை நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இடையே 2010-இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பது பற்றித் தெளிவில்லாததால் அவ்வாண்டு ஜூலையிலேயே பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் இரண்டு முறை சாம்பியனான சென்னையின் எப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தியது; பெங்களூரு எப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. வணிக உரிமைக்கு விடப்பட்ட டெண்டருக்கு ஒருவர்கூட முன்வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. பிறகு மத்திய அரசு தலையிட்டு, 2026 பிப்ரவரி 14 அன்று 14 அணிகளோடு சுருக்கப்பட்ட பருவம் தொடங்கியது. இந்த மாதங்களில் செய்தித்தாள்கள் உரிமையாளர்களைப் பற்றியே எழுதின. புல் வெட்டுகிறவர், பேருந்து ஓட்டுநர், உடற்பயிற்சி உதவியாளர், 19 வயதில் முதல் ஒப்பந்தம் பெற்று ஊருக்குப் பணம் அனுப்பிய பையன் ஆகியோரைப் பற்றி நாம் அதிகம் படிக்கவில்லை.

இங்கே உத்திரமேரூர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், ஏறத்தாழ 920-ஐ ஒட்டி, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட விதிகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். குடவோலை முறையை எல்லாரும் பெருமையோடு சொல்வோம். நாம் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது அதில் உள்ள தடைகளை: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக் கூடாது, அவருடைய உறவினரும் வரக் கூடாது. கூட்டாகச் சேர்வதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரார் வைத்த முதல் நிபந்தனைகளில் ஒன்று கணக்கு. ஐ.எஸ்.எல்.லில் சேர்ந்த கிளப்களுக்கு லீக்கின் கணக்கையும் அதன் எதிர்காலத்தையும் தீர்மானிக்கும் மேசையில் எவ்வளவு இடம் இருந்தது? 2025-இல் அவர்கள் நின்ற நிலையே பதில்.

ஆகவே நம் கருத்தை இப்படிச் சொல்வோம். இந்தியாவில் ஒரு கிளப் தனித்தே வாழ முடியாது. சென்னை சிட்டியின் கதை அதைக் காட்டிவிட்டது. சேரத்தான் வேண்டும். ஆனால் கையெழுத்திடும் முன் மூன்று காரியங்களைக் கேட்டு வாங்காமல் சேரக் கூடாது: பெயரும் நிறமும் விற்பனைக்கு அல்ல என்ற உறுதி, லீக்கை நடத்துவதில் ஒரு வாக்கு, கீழிருந்து வருகிறவருக்கு என்றும் மூடாத கதவு. இவற்றில் மூன்றாவதைக் கிளப்கள் தாங்களாகக் கேட்கமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். உள்ளே போனவர், தான் ஏறி வந்த ஏணியைப் பற்றிக் கவலைப்படுவது அரிது.

நோட்டர் டேம் நிலை வேறு. பணமும் பெயரும் உள்ள அந்த நிறுவனம் இன்னும் சில ஆண்டுகள் தனித்து நிற்கலாம், என்.பி.சி. ஒப்பந்தம் 2029 வரை இருக்கிறது. 2036-க்கு முன் கால்பந்துக்காக ஏதேனும் கான்பரன்சில் சேர்வதானால், அது அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்சாகத்தான் இருக்க வேண்டும் என்று 2013-இல் ஏற்ற உறவின்படி எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கான்பரன்சைச் சார்ந்த மயாமி அணிதான் டிசம்பரில் இவர்களுடைய இடத்தைப் பெற்றது.