110 என்று எழுதியது யார்?

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

என் தங்கை மகளின் பிரசவம் தொடர்பாகத் திங்கட்கிழமை மனுநாளில் நான் அளித்த மனுவுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் கிடைத்தது. அதைப் படித்த பிறகு, இனி தங்களுக்கு மட்டும் எழுதிப் பயனில்லை என்று தோன்றியதால் ஊரறிய எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

தாங்கள் கையெழுத்திட்ட பதிலின் சாரம் இது: பதிவேட்டின்படி மேற்படி கர்ப்பிணிக்கு 26ஆவது வாரத்தில் குளுக்கோஸ் கொடுத்து ரத்தச் சர்க்கரை பார்க்கப்பட்டது, அளவு 110, இயல்பானது, ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது.

ஐயா, அந்த 110 பொய் என்பதுதான் என் மனு. எந்த எழுத்தின் மீது புகாரோ, அதே எழுத்தைச் சாட்சிக்கு அழைத்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள்.

என் தங்கை மகள் பரிசோதனைக்குப் போன அன்று செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் நாள். அவளும் என் தங்கையும் முதல் பஸ்ஸில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். குடித்தவர்களுக்குத்தான் அந்தத் தித்திப்பு தெரியும். தொண்டையைப் பிடிக்கும், வயிற்றைப் புரட்டும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு நாள் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டே சிமெண்ட் பெஞ்சில் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் முடிந்து போய் நின்றால் லேப் டெக்னீஷியன் டெபுடேஷனில் வேறு ஊருக்குப் போயிருக்கிறார். விரலில் குத்தி மெஷினில் பார்க்கலாம் என்றால் ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது. குளுக்கோஸ் உள்ளே போனது. ரத்தம் வெளியே வரவில்லை. ‘அடுத்த வாரம் வாம்மா’ என்று அனுப்பினார்கள். அடுத்த வாரமும் ஸ்ட்ரிப் வரவில்லை. அதற்குப் பின்னால் போனபோது, ‘அதான் போட்டாச்சே’ என்று அட்டையை நீட்டினார்கள். 110.

அன்று அதே பெஞ்சில் இருந்த இன்னும் மூன்று பெண்களின் அட்டைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் 110. பஸ் டிக்கெட் மாதிரி எல்லாருக்கும் ஒரே ரேட்.

கிராம சுகாதார செவிலியரைக் காட்டிக்கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. மழையிலும் வெயிலிலும் வீடு வீடாக வருபவர் அவர்தான். அவர் மீது நடவடிக்கை எடுத்துவிட்டு, ‘மனுதாரரின் குறை தீர்க்கப்பட்டது’ என்று இன்னொரு கடிதம் அனுப்பிவிடாதீர்கள். நான் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. “கட்டத்தைக் காலியா விட்டா ரிவ்யூ மீட்டிங்ல என்னை நிக்க வெச்சுக் கேப்பாங்க சார். ஸ்ட்ரிப் ஏன் வரலைன்னு யாரும் யாரையும் கேக்கறதில்ல” என்றார். அந்த ரிவ்யூ மீட்டிங்கில் நடு நாற்காலி உங்களுடையது.

அட்டை 110 என்றது, நாங்களும் நம்பினோம். வளைகாப்பில் சர்க்கரைப் பொங்கலும் அதிரசமும் ஊட்டினோம். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்று தட்டில் சோற்றைக் குவித்தோம். கடைசி ஸ்கேனில் பிள்ளை நல்ல வளர்த்தி என்றதும் என் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. வலி எடுத்து மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்தவர்களும் அட்டையைத்தான் பார்த்தார்கள். தலை வந்துவிட்டது. தோள் வரவில்லை. அந்தச் சில நிமிடங்களில் உள்ளே என்ன பாடுபட்டார்கள் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் கைவண்ணம். ஆண் குழந்தை, 4.4 கிலோ. வலது கை துவண்டு தொங்கியது. சொந்தக்காரர்கள் ‘கொழுகொழுன்னு ராஜா மாதிரி’ என்று சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தபோதே பிள்ளைக்கு நடுக்கம் கண்டது. குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 28. அங்கிருந்து 108இல் வேறு ஆஸ்பத்திரி, குளுக்கோஸ் டிரிப். பிரசவ அறைக்குள் போகும் முன் தாயிடம் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் எல்லாம் முடிந்த பிறகு வந்தது: 214.

குழந்தைகள் டாக்டர் எனக்கு விளக்கியதை உங்களுக்குத் திருப்பிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போய்விடும். தாயின் இன்சுலின் தாண்டாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்க அந்தச் சின்னக் கணையமே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. கருவுக்கு இன்சுலின்தான் வளர்ச்சி உரம். கொழுப்பு தோளிலும் வயிற்றிலும் சேர்கிறது. தலை அந்த அளவுக்குப் பெருப்பதில்லை. அதனால்தான் தலை வந்து தோள் மாட்டுகிறது. தொப்புள் கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகிறது, பிள்ளையின் இன்சுலின் நிற்பதில்லை. 28க்கு அதுதான் காரணம். கோபன்ஹேகனில் பெடர்சன் என்ற டாக்டர் இதை 1950களிலேயே சொல்லிவிட்டாராம். ஒன்பது நாடுகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள்: சர்க்கரை ஏற ஏறப் பிள்ளையின் எடையும் ஆபத்தும் படிப்படியாகக் கூடவே ஏறுகின்றன. எங்கள் ஊரில் மட்டும் எண் ஏறவே ஏறாது போலிருக்கிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தப் பரிசோதனை நம் ஊர்ச் சரக்கு. சென்னையில் டாக்டர் வி. சேஷையா பல்லாண்டு உழைத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெறும் வயிற்றில் வர வேண்டாம், ஒரே தடவை குத்தினால் போதும், 140ஐத் தொட்டால் சிகிச்சை. பஸ் பிடித்து வரும் கிராமத்துப் பெண்ணை மனத்தில் வைத்தே உருவான முறை. 2007இல் தமிழ்நாடு இதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாக்கியது. நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல் 2014இல்தான் வந்தது. அவர் பிறந்த மார்ச் 10ஐத் தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறோம். இங்கும் கோலம் போட்டு, பேனர் கட்டி, போட்டோ எடுத்தார்கள். பேனருக்குப் பணம் இருந்தது. ஸ்ட்ரிப் டப்பா ஒன்றுக்கு இல்லை.

அன்றைக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தால்? பெரும்பாலான பெண்களுக்குச் சாப்பாட்டை மாற்றினாலே சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு வாரம் பார்த்து, படியாவிட்டால்தான் மருந்து. சோற்றைக் குறைத்து, பயறும் கீரையும் கூட்டி, சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருப்பார்கள். அதிரசம் மிச்சம். அவ்வளவுதான் செலவு.

இப்போது பிள்ளைக்கு பிசியோதெரபி நடக்கிறது. விரல்கள் அசைகின்றன, முழங்கை இன்னும் மடங்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்கிறார்கள். நம்புகிறோம், வேறென்ன செய்வது? பிரசவமான ஆறாவது வாரம் தாய்க்குத் தனியார் லேபில் காசு கொடுத்துப் பார்த்தோம்: 152. பார்டர். கர்ப்பத்தில் சர்க்கரை கண்ட பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்கிறார்கள். அவளுக்கு வயது 24.

நீங்களும் பிள்ளை பெற்ற வீட்டில் இருப்பவர்தான். உங்கள் மகளோ மருமகளோ இரண்டு மணி நேரம் குமட்டலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசியில் யாரோ ஒருவர் பேனாவை எடுத்து 110 என்று எழுதினால் சும்மா இருப்பீர்களா? கட்டம் நிரம்பியதா என்று கேட்கிறீர்களே, ரத்தம் எடுத்தீர்களா என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா?

இழப்பீடு கேட்கவில்லை. விசாரணைக் கமிட்டியும் வேண்டாம்; அதுவும் பதிவேட்டைத்தான் புரட்டும். என் தங்கை மகள் கதை முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூவரில் ஒருத்திக்கு அப்போது மூன்றாம் மாதம்; இப்போது எட்டாம் மாதம். ஆறாம் மாதத்தில் மறுபடி பார்த்திருக்க வேண்டிய கட்டத்திலும் அவளுக்கு 110 என்றே எழுதியிருக்கிறது. இந்த வாரமே ஆளனுப்பி அவள் ரத்தத்தை எடுக்கச் சொல்லுங்கள்.