கடலை அளப்பதில் சிக்கனம் வேண்டாம்

பசுபிக் சமுத்திரத்தில் மிதக்கும் மிதவைகளுக்கும் வன்னியில் நெல் விதைக்கும் உழவனுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு.

வழமையான ஆண்டுகளில், மத்தியகோட்டை அண்டிக் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வியாபாரக் காற்று வெப்பநீரை இந்தோனேசியப் பக்கமாகத் தள்ளிக் குவிக்கிறது. அங்கு கடல்மட்டம் தென்னமெரிக்கக் கரையைவிட ஏறத்தாழ அரை மீற்றர் உயர்ந்து நிற்கும். பெரு நாட்டுக் கரையிலோ ஆழத்துக் குளிர்நீர் ஊட்டச்சத்துடன் மேலெழ, நெத்தலி இன மீன்கள் பெருகும். காற்றுத் தளர்ந்தால் வெப்பநீர் கிழக்கே திரும்புகிறது. கிழக்குக் கடல் வெப்பமுற்றதும் காற்று மேலும் தளர்கிறது. இவ்வாறு கடலும் காற்றும் ஒன்றையொன்று தூண்டுவதை 1969 இல் விளக்கியவர் வளிமண்டலவியல் அறிஞர் ஜேக்கப் பியர்க்னெஸ். 2 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டும் இந்நிலையே எல் நினோ.

1982-83 இல் தோன்றிய பெரும் எல் நினோவை, அது முதிரும்வரை விஞ்ஞானிகள் அடையாளங் காணவில்லை. அந்தப் பாடத்தின் பயனாக, சுமார் 70 மிதவைகள் கொண்ட அவதானிப்பு வலையமைப்பு 1994 இல் பூர்த்தியாயிற்று. 1997-98 இல் எல் நினோ வளர்ந்த விதத்தை அது நாள்தோறும் காட்டியது. எனினும், மிதவைகளைப் பராமரித்த கப்பலை ஐக்கிய அமெரிக்கா 2012 இல் செலவுக் குறைப்பின்பேரில் சேவையிலிருந்து நீக்கியது. 2014 இன் தொடக்கத்தில் கிடைக்கவேண்டிய தரவுகளில் ஏறத்தாழ 40 வீதமே கிடைத்தது. பின்னர் நிலைமை சீர்செய்யப்பட்டது என்பது ஆறுதலே. ஆயினும் அத்தவறு மீண்டும் நிகழலாகாது.

கடல் மெதுவாகவே மாறுவதால் பல மாதங்களுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்க முடிகிறது. அதன் பெறுமதி சிறிதன்று. 2015-16 இல் எத்தியோப்பியாவும் தென்னாபிரிக்கப் பிராந்தியமும் கடும் வரட்சியில் வாடின. 2023 இல் பெரு நாடு தனது முதலாவது நெத்தலிப் பருவத்தையே இரத்துச் செய்தது. எமது தாயகத்திலோ எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரி மழை பெரும்பாலும் மிகுகிறது. இந்து சமுத்திரத்தின் வெப்பநிலையும் அம்மழையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எனவே அக்கடலையும் அதே கவனத்துடன் அளத்தல் அவசியம்.

வரட்சி விரட்டியவனுக்கு 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசன வரைவிலக்கணத்தில் இடமில்லை. ஊரை இழப்பதன் வலியை அறிந்த நாம் இதனை இலேசாகக் கடந்துசெல்ல முடியாது. அவன் ஊரைவிட்டு வெளியேறுமுன்னரே எச்சரிக்கை அவனைச் சென்றடைய வேண்டும். அதுவும் அவனது மொழியில், விதைப்புக்கு முன்னர் சென்றடைய வேண்டும். மிதவைக்குச் செலவிடத் தயங்கும் அரசுகள், நிவாரணத்துக்கு அதனிலும் பன்மடங்கு செலவிட நேரும் என்பதை உணரவேண்டும்.