புள்ளி அட்டையில் நம் பக்கம் எங்கே?

காலையில் பிரட்டுக்களத்திலும் மாலையில் தராசடியிலும் நமக்குப் புள்ளி போடுகிறார்கள். யார் எத்தனை கிலோ, யாருக்கு அரைப்பேர் என்பது அன்றைக்கே செக்ரோலில் ஏறிவிடுகிறது. துரைக்கும் மேலிடத்தில் புள்ளி போடுகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஹெக்டேயருக்கு எவ்வளவு விளைந்தது, ஒரு கிலோ தேயிலைக்கு என்ன செலவு, கொழும்பு ஏலத்தில் சராசரி விலை என்ன, ஓர் ஆள் சராசரியாக எத்தனை கிலோ பறித்தார் என்று கம்பனி கேட்கிறது. அந்தக் கேள்விகளின் சூடுதான் கங்காணி வழியாக மலையில் நம்மீது விழுகிறது.

அளப்பதை நாம் எதிர்க்கவில்லை. எதை அளக்காமல் விடுகிறார்கள் என்பதே நமது கேள்வி.

1992 இல் அமெரிக்காவில் ராபர்ட் கப்லன், டேவிட் நோர்ட்டன் என்ற இருவர் ஒரு புள்ளி அட்டையை முன்வைத்தார்கள். இலாபக் கணக்கு மட்டும் போதாது. பணம், வாடிக்கையாளர், உள்ளே வேலை நடக்கும் விதம், கற்றலும் வளர்ச்சியும் என்று நான்கு பக்கமும் பார்க்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டில்தான் நம் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. ஆனால் தராசடியில் அந்த நான்கு பக்கமும் கிலோ என்ற ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

அந்தக் கிலோவும் கையின் வேகத்தை மட்டும் காட்டுவதில்லை. பசளை போட்டார்களா, காலத்துக்குக் கவ்வாத்து வெட்டினார்களா, செத்த செடிக்குப் பதில் கன்று நட்டார்களா, புல் வெட்டினார்களா என்பதும் அதற்குள் இருக்கிறது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. நம் விரல்கள் ஒரே ஆண்டில் சோம்பேறியாகிவிட்டனவா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 22 கிலோ தேயிலை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர், சாக்கு என்று தராசில் 4 கிலோ கழித்துவிட்டு, மீதி 96 கிலோவை வைத்துக் கணக்குப் பார்த்தால், 22 வீதம் ஏறத்தாழ 23 ஆகிவிடும். தொழிற்சாலையின் புள்ளி உயரும். நம் சம்பளத்தில் 4 கிலோ குறையும். கழிவு நியாயமானதா என்று கேட்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். பசளை எப்போது போடப்பட்டது, கவ்வாத்து எப்போது நடந்தது என்று மலைவாரியாகப் பிரட்டுக்களத்தில் எழுதி ஒட்டுங்கள். கொழுந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் அந்த மலையின் நிலையைத் தலைவர்மாருடன் சேர்ந்து பாருங்கள். தராசைச் சரிபார்த்த திகதியையும் அன்றன்று கழித்த நிறையையும் காட்டுங்கள். பிள்ளைக் காம்பரா, குடிதண்ணீர், மலசலகூடம், குளவிக்கொட்டு, லயத்துக் கூரை ஆகியவற்றையும் துரையின் புள்ளியில் சேருங்கள்.

தோழர்களே, அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு உங்கள் நிறைத்துண்டுகளைக் கொண்டுவாருங்கள். அவர்கள் எண்களோடு பேசுகிறார்கள். நாமும் எண்களோடு பேசுவோம்.