300 டாலர் கொடுத்தால் ஆளுக்கொரு செயற்கைக்கோள்! - ஒரு மாணவர் நடத்திய வசூலும் நம்ம ஊர் மொய் நோட்டும்

ஆடி பிறந்தால் போதும்... புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி பக்கமும் மொய் விருந்து களைகட்டிவிடும். பந்தலில் ஒரு பக்கம் கறிச்சோறு. இன்னொரு பக்கம் மேஜை போட்டு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மொய் எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை மூன்றும் பதிவாகும். சேர்ந்த பணத்தில் ஒருவர் போர்வெல் போடுவார், இன்னொருவர் பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பார். பணம் செலவாகிவிடும். நோட்டு மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கும். வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாதே!

இன்று 'கிரவுட் ஃபண்டிங்' என்று சொல்லப்படும் கூட்டு நிதி திரட்டலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பலர் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து ஒரு பெரிய வேலையை முடிப்பது. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே கொடுப்பவர்களில் பாதிப் பேரை வாங்குபவருக்குத் தெரியாது. முகம் தெரியாதவரிடம் வாங்கிய காசுக்கு யார் பதில் சொல்வது? கல்லூரி மாணவர்கள் வசூலில் இறங்கும்போது இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிறது. ஏனென்றால், மாணவர்கள் நான்கு வருடத்தில் கல்லூரியை விட்டுப் போய்விடுவார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஒரு மாணவரின் கதைதான் இது.

பிஸ்கட் அளவு செயற்கைக்கோள்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தவர் ஸாக் மான்செஸ்டர். அங்கே பேராசிரியர் மேசன் பெக்கின் ஆய்வுக்கூடத்தில் 'ஸ்பிரைட்' என்ற குட்டிச் செயற்கைக்கோள்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 3.5 செ.மீ. சதுரம், சில கிராம் எடை. ஒரு பிஸ்கட் அளவுதான். அதற்குள் சோலார் செல், ரேடியோ, ஒரு சின்ன கணினிச் சில்லு எல்லாம் அடக்கம்.

செயற்கைக்கோள் என்றாலே அரசாங்கமும் கோடிகளும்தான் என்று இருந்த நேரம். சாதாரண ஆளும் ஒன்றை விண்வெளிக்கு அனுப்ப முடியாதா என்று மான்செஸ்டர் யோசித்தார். 2011 அக்டோபரில் 'கிக்ஸ்டார்ட்டர்' இணையதளத்தில் 'கிக்சாட்' என்ற பெயரில் வசூலைத் தொடங்கினார். இலக்கு 30,000 டாலர். 300 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 15,000 ரூபாய் கொடுத்தால், ஒரு ஸ்பிரைட் உங்கள் பெயரில் பறக்கும்!

315 பேர் கொடுத்தார்கள். சேர்ந்தது 74,586 டாலர். கேட்டதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஏன் கொடுத்தார்கள் என்பதில்தான் முதல் பாடம் இருக்கிறது. 'விண்வெளி ஆராய்ச்சிக்கு உதவுங்கள்' என்று அவர் பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. இவ்வளவு கொடுத்தால் உங்களுக்கு இது என்று கையில் எடுத்துக் காட்டினார். இது வெறும் கனவு இல்லை என்பதற்கும் சாட்சி இருந்தது. அந்த வருடம் மே மாதமே மூன்று மாதிரி ஸ்பிரைட்கள் எண்டெவர் விண்கலத்தில் சென்று, சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருந்தன.

16 நாள் காத்திருப்பு

கொடுத்தவர்கள் இரண்டரை வருடம் காத்திருந்தார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று, ஸ்பேஸ் எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் கிக்சாட் கிளம்பியது. ராக்கெட்டில் இடம் கொடுத்தது நாசாவின் மாணவர் செயற்கைக்கோள் திட்டம். ஒரு பெரிய பிரெட் பாக்கெட் அளவுள்ள தாய்ப்பெட்டி, அதற்குள் 104 ஸ்பிரைட்கள்.

பாதுகாப்பு கருதி 16 நாள்கள் கழித்துத்தான் பெட்டி திறக்க வேண்டும் என்று கடிகாரம் வைத்திருந்தார்கள். மே 4-ம் தேதி திறக்க வேண்டும். உலகம் முழுக்க அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள் அதன் சிக்னலைப் பிடித்து மான்செஸ்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 30 அன்று அந்தக் கடிகாரம் தானாக 'ரீசெட்' ஆகிவிட்டது. விண்வெளிக் கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என்று கணித்தார்கள். எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இனி மே 16-ம் தேதிதான் பெட்டி திறக்கும். ஆனால் பெட்டியோ தினமும் பூமியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து கட்டளை அனுப்பித் திறக்கலாம் என்றால், அதைக் கேட்கும் அளவுக்கு பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை.

மே 14 அன்று கிக்சாட் வளிமண்டலத்துக்குள் நுழைந்து எரிந்துபோனது. பெட்டி திறக்க இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி. 315 பேரின் காசும் ஆசையும் உள்ளே இருந்தபடியே சாம்பலானது.

அடுத்து என்ன செய்தார்?

இந்த இடத்தில் பலர் போனை சைலன்ட்டில் போட்டிருப்பார்கள். மான்செஸ்டர் அப்படிச் செய்யவில்லை. கடிகாரம் ரீசெட் ஆனதையும் பேட்டரி நிலவரத்தையும், பிரச்னை நடந்துகொண்டிருந்தபோதே காசு கொடுத்தவர்களுக்கு எழுதினார். எரிந்துபோன பிறகும் எழுதினார். நன்றி சொன்னார். திட்டம் இத்தோடு முடியாது என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்கு நிறைவேற ஐந்து வருடம் பிடித்தது. நாசாவின் ஆதரவோடு கிக்சாட்-2 உருவானது. அனுமதிகளுக்காகக் காத்திருந்ததிலேயே காலம் ஓடியது. 2018 நவம்பரில் அது விண்ணுக்குப் போனது. 2019 மார்ச் 18 அன்று பெட்டி திறந்தது. 105 ஸ்பிரைட்கள் வெளியே பறந்தன. மறுநாள் அவற்றின் மெல்லிய சிக்னல் தரையில் கேட்டது. அப்போது மான்செஸ்டர் மாணவர் இல்லை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். பட்டம் வாங்கி, ஊர் மாறி, வேலை மாறிய பிறகும் மொய் நோட்டைத் தூக்கிப் போடவில்லை அவர்!

கூடுதலாக வந்தாலும் சிக்கல்தான்

இதற்கு ஒரு வருடம் முன்பு நடந்த இன்னொரு மாணவர் வசூலையும் பார்த்துவிடலாம். 2010-ல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர், பயனர்களின் தகவல் பயனர்களிடமே இருக்கும் ஒரு சமூக வலைதளத்தை உருவாக்கப்போவதாகச் சொல்லி 10,000 டாலர் கேட்டார்கள். அதன் பெயர் 'டயஸ்போரா'. ஃபேஸ்புக்மீது பலருக்கும் கோபம் இருந்த நேரம் அது. 6,479 பேர் சேர்ந்து இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் கொட்டிவிட்டார்கள். ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க்கும் கொடுத்தவர்களில் ஒருவர்!

நான்கு பேர் ஒரு கோடை விடுமுறையில் முடிப்பதாகச் சொன்ன வேலை, திடீரென்று உலகமே வேடிக்கை பார்க்கும் வேலையாக மாறியது. காசு 20 மடங்கு வந்தால் எதிர்பார்ப்பும் 20 மடங்கு ஏறுமே. 2012 ஆகஸ்ட்டில் திட்டத்தைப் பொதுவில் ஆர்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் விலகினார்கள். டயஸ்போரா இன்றும் இருக்கிறது. ஆனால், ஃபேஸ்புக்குக்குப் போட்டியாக அது வளரவே இல்லை.

நம்ம ஊர் மாணவர்கள் கவனிக்க...

மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ரேஸ் கார்களோடு மோதும் 'ஃபார்முலா பாரத்' போட்டி, கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. இந்தியா முழுவதிலும் இருந்து கல்லூரி அணிகள் வருகின்றன. கார் செய்யவும், அதை லாரியில் ஏற்றி வரவும் பணம் வேண்டும். ஸ்பான்சர் கிடைக்காத அணிக்குக் கூட்டு நிதி ஒரு வழி. நாடகக் குழு, ரோபோட்டிக்ஸ் கிளப், குறும்படம் என்று எதுவாக இருந்தாலும் இதே கணக்குதான்.

* அனுமதி முதலில்: கல்லூரியின் பெயரைப் போட்டுக் காசு கேட்பதற்கு முன், துறைத் தலைவரிடமும் முதல்வரிடமும் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குங்கள். பாதி வழியில் கல்லூரி 'எங்களுக்குத் தெரியாது' என்று சொன்னால், வசூல் அங்கேயே முடிந்துவிடும்.

* ஒருவர் ஜிபே எண் வேண்டாம்: அணித் தலைவரின் சொந்தக் கணக்கில் பணம் சேர்ந்தால், நல்ல நட்பும் கெட்டுப்போகும். கல்லூரி வழியாகவோ, ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திடும் கணக்கிலோ வாங்குங்கள். அணித் தலைவர் படிப்பை முடித்துப் போனாலும் கணக்கு அங்கேயே இருக்க வேண்டும்.

* தளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: இந்திய வங்கிக் கணக்கை வைத்துக் கிக்ஸ்டார்ட்டரில் வசூல் தொடங்க முடியாது. மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் இங்கே இருக்கின்றன. எந்தத் தளமாக இருந்தாலும் எவ்வளவு கட்டணம் பிடிப்பார்கள், இலக்கை எட்டாவிட்டால் பணம் கைக்கு வருமா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு பைசாகூட வராது.

* பொருளாகச் சொல்லுங்கள்: 'இரண்டு லட்சம் தேவை' என்பதைவிட, 'ஒரு டயர் இவ்வளவு, பிரேக் இவ்வளவு, லாரி வாடகை இவ்வளவு' என்று பிரித்துக் காட்டினால், கொடுப்பவருக்குத் தன் காசு எங்கே போகிறது என்று தெரியும்.

* பரிசு காசைத் தின்றுவிடும்: 500 ரூபாய் கொடுத்தவருக்கு 250 ரூபாய் டி-ஷர்ட், 80 ரூபாய் கூரியர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 170 ரூபாய். தளத்தின் கட்டணமும் அதிலிருந்துதான் போகும். அதற்குப் பதில் காரின் மேல் அவர் பெயரை எழுதுங்கள். செலவு குறைவு, சந்தோஷம் அதிகம்.

* முதலில் வீட்டு வாசல்: காலியாக இருக்கும் உண்டியலில் முதல் ஆளாகக் காசு போட யாரும் முன்வர மாட்டார்கள். அப்பா அம்மா, சித்தப்பா, சீனியர்கள், முன்னாள் மாணவர்கள் என்று தெரிந்தவர்களிடம் முதலில் கேட்டு ஒரு பகுதியைச் சேர்த்த பிறகே வெளியாட்களிடம் போங்கள்.

* சட்டத்தை மீற வேண்டாம்: 'ஜெயித்தால் லாபத்தில் பங்கு தருகிறோம்' என்று சொல்லிப் பொதுமக்களிடம் பணம் வாங்கக் கூடாது. அது முதலீடு ஆகிவிடும், அதற்கான விதிகள் வேறு. வெளிநாட்டவர் தரும் நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் குறுக்கே நிற்கும். வரிச்சலுகை ரசீதும் அதற்கெனப் பதிவு பெற்ற அமைப்புகள்தான் தர முடியும்.

இரண்டு ரூபாய்க்கும் மரியாதை

1885-ல் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டக் காசு இல்லை. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் தன் நாளிதழில் வேண்டுகோள் விடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. சில்லறை கொடுத்தவர் பெயரைக்கூட நாளிதழில் அச்சிட்டார் புலிட்சர்.

1976-ல் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' படத்துக்குத் தயாரிப்பாளர்கள் குஜராத்தின் பால் விவசாயிகள் ஐந்து லட்சம் பேர். ஆளுக்கு இரண்டு ரூபாய். படம் வெளியானபோது 'நம்ம படம்' என்று சொல்லி லாரி லாரியாக வந்து பார்த்தார்கள்.

பெயரை எழுதி வைப்பதும், செய்த வேலையைக் காட்டுவதும்தான் கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை. கார் போட்டியில் ஓடினாலும், முதல் வளைவிலேயே நின்றுபோனாலும், வரவு செலவுக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக் காசு கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். அதன் நகலை ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த வருடம் அவர்கள் காசு கேட்டுப் போகும்போது, கதவைத் திறக்கப்போவது அந்த ஒரு பக்கம்தான்.