பெண்கள் நெடுந்தூரம் ஓடலாமா?

கிராஸ் கண்ட்ரி அணிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டிற்குச் சென்றால், "பெண் பிள்ளைக்கு எதற்கு ஓட்டம்? உடம்பு தாங்காது" என்கிறார்கள்.

பிச்சாவரத்துக் காயலில் மணிக்கணக்கில் நீரில் நின்று, கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நாம் அறிவோம். அவர்களிடம் இப்படி யாராவது சொல்வதுண்டா?

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். சிலர் களைத்து விழுந்தனர் என்று காரணம் காட்டி அப்போட்டியையே நீக்கிவிட்டனர். 1960-இல் ரோமாபுரியில்தான் அது மீண்டும் இடம்பெற்றது. 2016-இல் குவஹாத்தியில் நடந்த தெற்காசியப் போட்டியிலோ, நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சூர்யா 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

"நான் வேகமாக ஓடமாட்டேனே" என்று தயங்கும் தோழியரே, இவ்வோட்டத்தின் கணக்கைக் கேளுங்கள். அணியில் நால்வரின் இடங்களைக் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். குறைந்த எண் பெறும் அணிக்கே வெற்றி. மூவர் 1, 2, 3 என வந்து, நான்காமவள் 40-ஆவதாக வந்தால் மொத்தம் 46. நால்வரும் 8, 9, 10, 11 என வந்தால் 38! ஆகவே கடைசியில் வருபவளும் அணிக்கு வேண்டியவளே.

பெற்றோரின் கவலையும் நியாயமானதே. விடியலில் தனியே அனுப்ப வேண்டாம். சேர்ந்தே ஓடுவோம், ஆசிரியை ஒருவர் உடன் வரட்டும். படிப்பில் பின்தங்கினால் அப்போது எங்களை நிறுத்துங்கள். ஓடுவதற்கு முன்பே நிறுத்திவிடாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.