பூட்டிய பீரோ

"எங்க அம்மாச்சி பாடின ஒப்பாரி உங்க ஆய்வேட்டுல இருக்காமே, படிக்கக் கிடைக்குமா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நடவு முடிந்து வந்த ஈரச்சேலையோடு திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் பாடியவர் அவளுடைய அம்மாச்சி. என் முனைவர் பட்டத்தில் பாதி அவருடையது. ஆய்வேடோ பல்கலைக்கழக நூலகத்தின் பூட்டிய பீரோவில் இருக்கிறது. பார்க்கத் துறைத்தலைவரின் கடிதம் வேண்டும். கடிதம் கிடைத்தாலும் அவள் ஊருக்குக் கடைசிப் பேருந்து நாலரை மணிக்கு.

ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கப் பல்கலைக்கழக மானியக்குழு 2009இல் விதி செய்தது. 'சோத்கங்கா' வளர்ந்தது, நல்லது. அதற்கு முந்தைய ஆய்வேடுகள்? நாங்கள் எழுதும் கட்டுரைகள்? 'ஒரே நாடு ஒரே சந்தா'வுக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது அரசு நிறுவனங்களுக்குள் இருப்பவர்களுக்கான கதவு. கல்யாணத்தோடு ஆய்வை நிறுத்தியவளுக்கும், சுயநிதிக் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பவளுக்கும் அது திறக்காது. சந்தா கட்டுவது வேறு, திறந்து வைப்பது வேறு.

திறக்க வழி இருக்கிறது. ஹார்வர்டின் கலை, அறிவியல் புலத்து ஆசிரியர்கள் 2008இல் தாங்களே வாக்களித்து, தங்கள் கட்டுரைகளை வெளியிடும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கும் முன்கூட்டியே கொடுத்தார்கள். வேண்டாமென்றால் குறிப்பிட்ட கட்டுரைக்கு விலக்குக் கேட்கலாம். ஆக, பதிப்பகத்திடம் ஒவ்வொருத்தியும் தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம், தன் களஞ்சியத்தில் சேர்த்த கட்டுரைகளையே பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுப்பதென்று முடிவுசெய்தது. இதழ் ஏற்றுக்கொண்ட அன்றே இறுதிப் பிரதியைக் களஞ்சியத்தில் சேர்ப்பது, எழுதுபவரிடம் கட்டணம் வாங்காதது: இவற்றையும் விதியாக்கலாம்.

"திறந்து வைத்தால் திருடிவிடுவார்கள்" என்கிறார்கள் சக பேராசிரியர்கள். பூட்டிய பீரோவிலிருந்தும் திருடத்தான் செய்தார்கள். யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். திறந்திருந்தால் முதலில் எழுதியவள் யாரென்று ஊருக்கே தெரியும்.

ஆனால் ஒரு விதியை நாம்தான் சேர்க்க வேண்டும். பாடியவளிடம், தன் வாழ்க்கையைச் சொன்னவளிடம் கேட்காமல் எதையும் இணையத்தில் ஏற்றக் கூடாது. பட்டம் வாங்கும் அவசரத்தில் நான் அதைக் கேட்கவில்லை. இப்போது அந்தத் திண்ணைக்குப் போய்க் கேட்கப் போகிறேன். அம்மாச்சி சம்மதித்தால், ஆய்வேட்டின் முதல் மின்படி அவர் பேத்திக்கு. துறைத்தலைவரின் கடிதம் இல்லாமல்.