தவளையின் செவியும் விண்வெளியும்

கண்ணை மூடி நின்றாலும் மேல் எது, கீழ் எது என்பது நமக்குத் தெரிகின்றது. இவ்வறிவைத் தருவது யாது? நமது உட்செவியிலே நுண்ணிய சுண்ணக் கற்கள் உள. தலை சாயும்பொழுது அவை புவியீர்ப்பினால் நகர்ந்து, அடியிலுள்ள மயிர்க் கலங்களை வளைக்கின்றன. அச்செய்தியை நரம்பு மூளைக்குக் கொண்டு செல்கின்றது. கேட்பதற்கு மாத்திரமன்றி நிமிர்ந்து நிற்பதற்கும் செவியே துணை.

பாரமற்ற விண்வெளியில் இக்கற்கள் என் செய்யும்? 1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே ருஷிய வீரர் கெர்மன் தீத்தோவ் பூமியை ஒரு நாளுக்கு மேலாகச் சுற்றியபொழுது குமட்டல் அவரை வருத்தியது. இந்நோய் நீடிக்குமா, தானே தணியுமா? நெடும் பயணங்களை எண்ணியிருந்தோர்க்கு இது பெரும் வினாவாயிற்று.

இதனை நரம்பிடமே கேட்கத் துணிந்தவர் இத்தாலி நாட்டு மிலான் சர்வகலாசாலையைச் சேர்ந்த நரம்பியல் அறிஞர் தொர்க்குவாத்தோ குவால்த்தியரொத்தி. அமெரிக்காவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலே தங்கி, தமது ஆய்வுகூடத்தை ஒரு செய்மதிக்குள் அடக்க முனைந்தார். அவர் தேர்ந்தது பெருந்தவளை இனம். அதன் உட்செவி மனிதனுடையதைப் பெரிதும் ஒத்தது. தரையிலே சத்திரசிகிச்சை செய்து, பின் நீரிலே வைக்கலாம். றொக்கெட்டின் அதிர்ச்சியை அந்நீர் தாங்கிக்கொள்ளும்.

1970 நவம்பர் 9ஆம் திகதி, வேர்ஜீனியாவின் வொலப்ஸ் தீவிலிருந்து இரண்டு தவளைகள் புறப்பட்டன. சமநிலை நரம்புகளிலே நுண்ணிய மின்வாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை இருந்த கலத்தை இடையிடையே சுழற்றிச் செயற்கைப் பாரம் ஊட்டி, நரம்பின் மறுமொழி பதிவு செய்யப்பட்டது. முதல் மூன்று நாட்களில் மறுமொழி மாறுபட்டுத் தடுமாறியது; சோதனை முடிவதற்குள் பழைய நிலைக்கு மீண்டது. பாரமின்மைக்கும் நரம்பு பழகிக்கொள்ளும் என்பதற்கு அது நல்லதோர் அறிகுறி. ஒரு வாரமளவில் மின்கலம் ஓய்ந்தது. தவளைகளை மீட்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

அவ்வழி அத்துடன் அடைபடவில்லை. 1998 ஏப்ரலிலே நரம்பியல் ஆராய்ச்சிக்கென்றே கொலம்பியா விண்கலம் பதினாறு நாட் பயணம் மேற்கொண்டது. அதிலும் மீனின் செவி நரம்பு ஆராயப்பட்டது.

அறிவு குறுகியவனைக் கிணற்றுத் தவளை என்போம். ஆயினும் மனிதன் விண்ணிலே நிலைகொள்ள வழி தேடியபொழுது இரண்டு தவளைகள் தம் உயிரையே கொடுத்தன. அக்கடனை நாம் மறத்தலாகாது. உயிரியல் வேறு, வானியல் வேறு எனப் பாடங்களுக்கு வேலியிடும் மாணவர்க்கும் ஒரு சொல்: வினா எங்கே இட்டுச் செல்கின்றதோ, அங்கே செல்வதே கல்விக்கு அழகு.